பிளான்டின்-மொரெட்டஸ் அருங்காட்சியகம், ஆன்ட்வெர்ப்: ஈய எழுத்து தொழிலாக வளர்ந்த வீடு

அச்சுக்கலையின் வரலாற்றை நேரில் பார்க்க ஐரோப்பாவுக்குச் செல்பவர்களிடம், முதலில் ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்குப் போகச் சொல்வதுதான் வழக்கம். யோகானஸ் கூட்டன்பெர்க் பிறந்த ஊர் அது. 1455 வாக்கில் பக்கத்துக்கு 42 வரி கொண்ட அவருடைய '42 வரி விவிலியம்' அச்சேறிய ஊரும் அதுவே. ஆனால் தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை இந்த உலகத்தை எப்படி மாற்றியது என்று புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உள்ள பிளான்டின்-மொரெட்டஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். கூட்டன்பெர்க் வேலை செய்த பொறி ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. இங்கோ, ஒரே குடும்பம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நடத்திய அச்சகம், தன் பொறிகள், எழுத்துகள், கணக்கேடுகள், கடை, குடியிருப்பு ஆகிய அனைத்தோடும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கிறிஸ்டோஃப் பிளான்டின் 1555-இல் தொடங்கிய இந்த அச்சகம் 1576-இல் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் உள்ள இந்த இடத்துக்கு மாறியது. 1867-இல் வேலையை நிறுத்தியது. 1876-இல் பிளான்டினின் மகள்வழி வந்த குடும்பத்தின் கடைசி உரிமையாளரான எட்வர்ட் மொரெட்டஸ், வீட்டையும் அதிலிருந்த உடைமைகளையும் சேர்த்து நகர நிர்வாகத்திடம் விற்றார். மறு ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஏலத்தில் போட்டுத் துண்டுதுண்டாக விற்றிருந்தால் நூல்கள் ஒரு நாட்டுக்கும், எழுத்து வார்ப்புக் கருவிகள் இன்னொரு நாட்டுக்கும், பொறிகள் விறகுக்கும் போயிருக்கும். அப்படி நடக்காததால், அச்சகத்தின் ஆவணங்கள் 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும், கட்டடமும் அதில் உள்ளவையும் 2005-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலும் இடம்பெற்றன. ஓர் அருங்காட்சியகமே அந்தப் பட்டியலில் சேர்ந்தது அதுதான் முதல் முறை.

ஒன்றை முன்னரே தெரிந்துகொண்டு போவது நல்லது. இது அச்சுக்கலையின் பிறப்பைச் சொல்லும் இடம் அல்ல. தனி எழுத்துகளால் அச்சிடும் முறையை முதலில் செய்து காட்டியவர் சீனத்தின் பீ ஷெங். 1040-களில் களிமண்ணில் எழுத்துகளைச் செதுக்கிச் சுட்டு, இரும்புத் தட்டில் மெழுகும் பிசினும் கலந்து பதித்து அவர் அச்சிட்ட விதத்தை ஷென் குவோ என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். உலோக எழுத்துகளால் அச்சிடப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் நூல்களில் மிகப் பழையது, கொரியாவின் சொங்ஜு நகரத்துக்கு அருகே இருந்த ஹுங்தொக் பௌத்த மடத்தில் 1377-இல் அச்சான 'ஜிக்ஜி'. கூட்டன்பெர்க்கின் விவிலியத்துக்கு அது எழுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. எனவே கூட்டன்பெர்க்கை 'அச்சைக் கண்டுபிடித்தவர்' என்று ஒற்றை வரியில் சொல்லும் பள்ளிப் பாடநூல்கள் திருத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவர் சாதித்தது வேறு: ஒரே அளவில் எழுத்துகளை வார்க்கும் கைஅச்சு, விரைவில் உறையும் ஈயக் கலவை, உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, திருகு அழுத்தப் பொறி ஆகியவற்றை ஒன்றோடொன்று இணக்கி, ஒரு முறையாக இயங்க வைத்தார். அந்த முறை முதிர்ந்து ஒரு பெருந்தொழிலாக நிலைபெற்ற கட்டத்தைத்தான் ஆன்ட்வெர்ப் காட்டுகிறது. பிறப்பைக் காண விரும்புகிறவர் மைன்ஸுக்கும் சொங்ஜுவுக்கும் போகட்டும். விளைவைக் காண விரும்புகிறவருக்கு உரிய இடம் இது.

கிறிஸ்டோஃப் பிளான்டின் பிரான்சில் 1520 வாக்கில் பிறந்தவர். ஆன்ட்வெர்ப்புக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். முதலில் புத்தகங்களுக்கு அட்டை கட்டுவதும் தோலில் நுண்வேலை செய்வதுமே அவருடைய தொழில். ஓர் இரவில் வேறொருவர் என்று தவறாக எண்ணியவர்களால் வெட்டுப்பட்டுத் தோள் பழுதானதால், கனமான கைவேலையை விட்டு அச்சுத் தொழிலுக்கு மாறினார் என்பது அவருடைய குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட செய்தி. 1562-இல் அவருடைய அச்சகத்தில் தடைசெய்யப்பட்ட சமயத் துண்டுநூல் ஒன்று அச்சானது தெரியவந்தபோது அவர் பாரிஸில் இருந்தார். உடைமைகள் ஏலம் போயின. திரும்பி வந்து, நகர வணிகர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். 1570-களின் நடுவில் 16 பொறிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களும் கொண்ட அச்சகமாக அது வளர்ந்திருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஓர் அச்சகத்துக்கு இது வியக்கத்தக்க அளவு.

வீட்டின் நடுவே கொடி படர்ந்த முற்றம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் அறைகள். வருகிறவர்களில் பலர் ஓவியங்கள் தொங்கும் முன்கூடங்களிலேயே நெடுநேரம் நின்று, அச்சகப் பகுதிக்கு வரும்போது களைத்துவிடுகிறார்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை, முன்கூடங்களை விரைவாகக் கடந்து, பிழைதிருத்துநர் அறைக்கும் பொறிக்கூடத்துக்கும் தெளிவான மனத்தோடு போங்கள் என்பதே.

பிழைதிருத்துநர் அறைதான் இந்த வீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். சன்னலை ஒட்டி, வெளிச்சம் நேராக விழும்படி போட்ட கருவாலி மர மேசையும், அதன் பக்கங்களில் உயர்ந்த இருக்கைகளும் இருக்கின்றன. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சான தாளில் சரிபார்ப்பார். கொர்னேலிஸ் கிலியான் என்பவர் 1558-இல் இந்த அச்சகத்தில் சேர்ந்து, 1607-இல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இந்நிறுவனத்தில் உழைத்தார். பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டே டச்சு மொழிக்கு முதன்மையான அகராதிகளில் ஒன்றையும் தொகுத்தார். சொற்களின் எழுத்துக்கூட்டு ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே வடிவத்தை ஆயிரம் படிகளில் நிலைநிறுத்தும் அதிகாரம் இப்படிப்பட்டவர்களின் கையில்தான் இருந்தது. அச்சு மொழியை நிலைப்படுத்தியது என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம். அதைச் செய்தவர் உட்கார்ந்து செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை இந்த அறையில் கண்ணால் காணலாம்.

பிளான்டினின் மகள்களும் இந்த வேலையைச் செய்தார்கள். 1570-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், தம் பெண்கள் நான்கைந்து வயது முதல் பன்னிரண்டு வயதுவரை அச்சுப்படிகளைப் படித்து உதவுவதைக் குறிப்பிடுகிறார். நான்காவது மகள் மக்தலேனாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பிளான்டின் அப்போது அச்சிட்டுவந்த பன்மொழி விவிலியத்தின் அச்சுப்படிகளை எடுத்துக்கொண்டு பதிப்பாசிரியரின் இருப்பிடத்துக்குச் சென்று, எபிரேயம், சிரியாக், கிரேக்கம் முதலிய மொழிகளில் இருந்த மூலங்களை அவள் வாசித்துக் காட்டினாள். அச்சு வரலாற்றில் பெண்களின் உழைப்பு பெரும்பாலும் பெயரின்றியே போய்விடுகிறது. இங்கே ஒரு சிறுமியின் பெயரும் அவள் செய்த வேலையும் தந்தையின் கடிதத்தில் நிற்கின்றன என்பதற்காகவே அந்த மேசையின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

அடுத்தது பொறிக்கூடம். நீண்ட கூடம்; ஒரு பக்கம் முழுவதும் சன்னல்கள்; எதிரெதிரே, எழுத்துகளை வகைவாரியாக அறைகளில் போட்டுவைக்கும் பெட்டிகளான கேஸ்களும் மரப்பொறிகளும் வரிசையாக நிற்கின்றன. கோடியில் நிற்கும் இரண்டு பொறிகள் 1600-ஐ ஒட்டியவை. உலகில் எஞ்சியிருக்கும் அச்சுப்பொறிகளில் இவையே மிகப் பழையவை. பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் எளிமை வியப்பூட்டும். கூரைவரை முட்டுக்கொடுத்து நிறுத்திய இரண்டு தூண்கள், நடுவே திருகு, அதைத் திருப்ப ஒரு நீண்ட பிடி, கீழே முன்னும் பின்னும் நகரும் மேடை, அவ்வளவே. ஒருவர் தோல் பந்துகளால் எழுத்தின் மேல் மையை ஒற்றுவார்; மற்றவர் நனைத்துப் பதப்படுத்திய தாளைச் சட்டத்தில் பொருத்தி மடக்கி, மேடையை உள்ளே தள்ளி, பிடியை உடல் எடையோடு இழுப்பார். நாளொன்றுக்கு 1,250 தாள்களை இரு பக்கமும் அச்சிடுவது இங்கே எதிர்பார்க்கப்பட்ட வேலை. அதாவது அந்தப் பிடியை ஒரே நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறு முறைக்கும் குறையாமல் இழுத்திருக்கிறார்கள். புத்தகம் மலிந்தது என்று எழுதும்போது, அது யாருடைய தோளில் மலிந்தது என்பதையும் எழுத வேண்டும்.

கேஸ்களைப் பார்க்கும்போது, தமிழ்நாட்டில் அச்சகங்களோடு பழகியவர்களுக்கு உடனே ஓர் ஒப்பீடு தோன்றும். லத்தீன் எழுத்துக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், குறிகள், சில கூட்டெழுத்துகள் என்று, எழுத்துக் கோப்பவரான கம்பாசிட்டரின் கை எட்டும் தூரத்திலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. தமிழில் உகர, ஊகார வரிசைகள் ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி வடிவம் எடுக்கின்றன. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை, றா, ணா, னா போன்றவற்றுக்கும் தனி எழுத்து வார்க்க வேண்டியிருந்தது. எழுத்தைக் கோப்பதைவிட, அச்சான பிறகு அதைப் பிரித்து உரிய அறைகளில் போடுவதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. நம் கம்பாசிட்டர்கள் எத்தனை மடங்கு நினைவாற்றலோடு உழைத்தார்கள் என்பதை ஆன்ட்வெர்ப்பின் கேஸ்களுக்கு முன்னால் நின்று நான் புதிதாக உணர்ந்தேன்.

மாடியில் எழுத்து வார்ப்புப் பட்டறை இருக்கிறது. எஃகுத் தண்டின் முனையில் ஓர் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள், அதுதான் பஞ்ச். அதைச் செம்புக் கட்டியில் அறைந்தால் பள்ளமான மேட்ரிக்ஸ் கிடைக்கும். மேட்ரிக்ஸைக் கைஅச்சின் அடியில் பொருத்தி, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி உதறினால் ஓர் எழுத்து விழும். பத்துப் புள்ளி அளவுள்ள ஒரு எழுத்தின் உள்வளைவை எஃகில் அரத்தாலும் உளியாலும் கொண்டுவந்திருப்பதைக் கண்ணாடிக்கு அப்பால் குனிந்து பார்க்கும்போது, நகைவேலை செய்கிறவர்களின் கைத்திறனே நினைவுக்கு வரும். கிளாட் கரமொண்ட், ரொபேர் கிராஞ்சோன், ஹென்ட்ரிக் வான் டென் கீரே ஆகியோர் செய்த பஞ்சுகளும் மேட்ரிக்ஸ்களும் ஆயிரக்கணக்கில் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. கரமொண்ட் 1561-இல் இறந்தபின் அவருடைய கருவிகளில் ஒரு பகுதியைப் பிளான்டின் வாங்கிவந்தார். இந்தச் சேகரிப்பின் செல்வாக்கு இன்றும் நம் கணினித் திரைவரை நீள்கிறது: இந்த அச்சகத்தின் எழுத்து மாதிரித் தாளில் கண்ட கிராஞ்சோனின் எழுத்தை அடிப்படையாகக் கொண்டு மோனோடைப் நிறுவனம் 1913-இல் 'பிளான்டின்' என்ற எழுத்துருவை வெளியிட்டது, 1932-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக உருவான 'டைம்ஸ் நியூ ரோமன்' அதை முன்மாதிரியாகக் கொண்டது. அலுவலகக் கடிதம் தட்டச்சு செய்யும் கோடிக்கணக்கானோர் தம்மையறியாமல் இந்த மாடியறையின் கைவேலையைப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள்.

அரசியலை இந்த வீடு மறைக்கவில்லை. அதுவே இதன் பெரிய சிறப்பு என்று கருதுகிறேன். 1568 முதல் 1573 வரை எட்டுத் தொகுதிகளாக அச்சான பன்மொழி விவிலியம் பிளான்டினின் ஆகப் பெரிய பணி. எபிரேயம், அரமேயம், சிரியாக், கிரேக்கம், லத்தீன் ஆகிய ஐந்து மொழிகளும் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கும். ஒவ்வொரு மொழிக்கும் வேறு எழுத்து, வேறு அளவு, சிலவற்றுக்கு வலமிருந்து இடமாக ஓட்டம். விரித்து வைத்த பக்கத்தில் பத்திகள் ஒன்றுக்கொன்று இணையாக இறங்கி ஒரே மட்டத்தில் முடிவதைக் கம்பாசிட்டர் வேலை தெரிந்தவர் பார்த்தால் வாயடைத்துப்போவார். அப்போது ஆன்ட்வெர்ப்பையும் ஆண்டுவந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இதற்கு ஆதரவளித்து, பெனிட்டோ அரியாஸ் மொந்தானோவைப் பதிப்பாசிரியராக அனுப்பினார். ஆனால் மன்னரின் பணம் போதாமல் பிளான்டின் கடனில் ஆழ்ந்தார். ஸ்பெயினுக்கும் அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும் வழிபாட்டு நூல்களை அச்சிடும் உரிமைதான் அச்சகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. அதே அச்சகம், ஆட்சியாளர்களின் ஆணைப்படி, 1570-இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலையும் அச்சிட்டது. கருத்தைப் பரப்பும் கருவியும் அதைத் தடுக்கும் கருவியும் ஒரே ஈயத்தில் வார்க்கப்பட்டன. 1576 நவம்பரில் சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் நகரத்தைச் சூறையாடியபோது, மன்னரின் அச்சரான பிளான்டினே மீண்டும் மீண்டும் பணயப்பணம் கட்டித் தன் வீட்டைக் காக்க வேண்டியிருந்தது.

அறிவியல் நூல்களில் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோவாவில் மருத்துவராக இருந்த போர்த்துகீசியர் கார்சியா டா ஓர்த்தா, இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சானது. அதன் படி ஒன்று தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸின் கையில் கிடைக்க, அவர் அதை லத்தீனில் சுருக்கி எழுதினார். பிளான்டின் 1567-இல் வெளியிட்டார். கோவாவில் அச்சான போர்த்துகீசியப் படியை ஐரோப்பாவில் படித்தவர்கள் மிகச் சிலரே. நம் நாட்டு மரம் செடி கொடிகளைப் பற்றிய செய்தியை ஐரோப்பிய மருத்துவர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது ஆன்ட்வெர்ப்பின் லத்தீன் பதிப்பே. நான்கு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்து ஒரு செய்தி கண்டம் தாண்டி, மொழி மாறி, படம் சேர்ந்து, மீண்டும் அச்சேறியது என்பது கையெழுத்துப் படிகளின் காலத்தில் நினைத்துப்பார்க்க முடியாத வேகம். படங்களுக்காகச் செய்த மரக்கட்டைகள் ஏறத்தாழ 14,000 இங்கே இருக்கின்றன. அவற்றில் செடிகளின் இலை நரம்புகளைச் செதுக்கியவற்றைத் தேடிப் பாருங்கள்.

இந்த அச்சகத்தில் பொறிகள் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1578-இல், கொல்லத்தில் தமிழ் எழுத்துகளாலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அது 16 பக்கமே கொண்ட சிறு நூல். அன்றிக் அடிகளார் என்று நாம் அறியும் என்றிக்கே என்றிக்கஸ் மொழிபெயர்த்தது. இந்திய மொழிகளில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் தமிழ் நூல்தான். ஆனால் அங்கே ஒரு பிளான்டின் உருவாகவில்லை. தாளும் மூலதனமும் வாங்குவோரும் பள்ளிகளும் இணைந்த வலை இல்லாமல், எழுத்தை வார்த்ததோடு அந்த முயற்சி நின்று, அடுத்து வந்த சில நூல்களுக்குப் பின் ஓய்ந்தது. தமிழ் அச்சு மீண்டும் உயிர்பெற 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கருவி வந்துவிட்டாலே மாற்றம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள், ஆன்ட்வெர்ப்பில் வைத்திருக்கும் கணக்கேடுகளைப் பார்க்க வேண்டும். எந்த நூலுக்கு எத்தனை ரீம் தாள், எந்தக் கம்பாசிட்டருக்கு என்ன கூலி, பிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு எத்தனை படிகள் போயின என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. செலவில் தாளின் பங்குதான் மிகப் பெரியது என்பதும் அவற்றிலிருந்தே தெரிகிறது.

பொன்முலாம் பூசிய தோல் ஒட்டிய சுவர்களும் ரூபன்ஸ் தீட்டிய குடும்ப ஓவியங்களும் உள்ள அறைகள் அழகானவை. ரூபன்ஸ், பிளான்டினின் பேரன் பல்தசார் மொரெட்டஸின் நண்பர். இந்த அச்சகத்தின் நூல்களுக்குத் தலைப்புப் பக்கங்களையும் வரைந்து கொடுத்திருக்கிறார். கலை ஆர்வலர்களுக்கு அவை விருந்து. 36 வரி விவிலியத்தின் படி ஒன்றும் இங்கே இருக்கிறது; கூட்டன்பெர்க்கின் எழுத்து வகைகளில் ஒன்றால் 1460-ஐ ஒட்டி அச்சான அந்த நூல், 42 வரி விவிலியத்தைவிடவும் அரிதானது.

பயணம் எளிது. ஆன்ட்வெர்ப் மத்திய ரயில் நிலையத்தில் இருந்து நிலத்தடி டிராமில் குருன்பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. திங்கட்கிழமை விடுமுறை. அரை நாளாவது ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடும் சுற்றுலாத் திட்டத்தில் இதைச் சேர்க்காதீர்கள். மரப்பொறியில் அச்சிட்டுக் காட்டும் நாளாகப் பார்த்துப் போக முடிந்தால் மிக நன்று. பிளான்டினின் பெயரால் வழங்கும் 'இவ்வுலக இன்பம்' என்ற பிரெஞ்சுச் செய்யுளை அச்சிட்டுத் தருவது இங்கே நெடுநாளைய வழக்கம். எழுத்துரு வடிவமைப்பவர்கள், பதிப்பகத்தார், பிழைதிருத்துநர்கள், வரலாற்று மாணவர்கள் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் முற்றத்தையும் பொறிக்கூடத்தையும் மட்டும் பார்த்தாலும் போதும். நேரில் போக இயலாதவர்கள், படத்துக்கான மரக்கட்டைகளின் அச்சுகளை அருங்காட்சியகமே உயர்ந்த தரத்தில் இணையத்தில் வெளியிட்டிருப்பதால், அவற்றை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.